அடுக்களைப் பகையும் அகமரபும்: இரு புலம்பெயர் காதல் புதினங்களை முன்வைத்து

ஆங்கிலத்தில் வெளிவரும் காதல் புதினங்களைக் கதைப்பின்னலின் அடிப்படையில் பல வகைகளாகப் பகுத்து வழங்குவது பதிப்பாளர், வாசகர் இருசாராரிடமும் காணப்படும் வழக்கமாகும். அவற்றுள் 'பகைவர் காதலராதல்' என்னும் வகை பெருவழக்கினது. ஒருவரையொருவர் வெறுக்கும் இருவர் கதை முடிவில் இணைகின்றனர் என்பதே இதன் சுருக்கம். ஷேக்ஸ்பியரின் 'மச் அடூ அபவுட் நத்திங்' நாடகத்தில் சொற்போர் புரியும் பியாட்ரிசும் பெனடிக்கும் இவ்வகைக்கு முன்னோடிகள். 1813இல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' இதற்கு நிலைத்த வடிவம் தந்தது. அண்மைக் காலத்தில் இக்கதைப்பின்னல் சமையற்கூடத்தைத் தனக்குரிய களங்களுள் ஒன்றாகத் தேர்ந்துகொண்டிருப்பது கருதத்தக்கது. 2001இல் வெளிவந்த 'பெல்லா மார்த்தா' என்னும் ஜெர்மன் திரைப்படமும் அதன் அமெரிக்க மறுவாக்கமான 'நோ ரிசர்வேஷன்ஸ்' (2007) படமும் ஒரே அடுக்களையில் மோதும் இரு சமையற்கலைஞரைப் பற்றியன. புதின உலகில் இப்போக்கு 2010களின் இறுதியிலிருந்து நன்கு வெளிப்படத் தொடங்கிற்று.

இவ்வகை நூல்களைக் கல்விப்புலத் திறனாய்வு பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. முடிவு முன்னரே தெரிந்த கதையில் ஆராய என்ன உள்ளது என்பது பொதுவான தடை. அகப்பாடலைப் பயின்ற தமிழ் ஆய்வாளர் இத்தடையை எழுப்புதல் பொருந்தாது. திணையும் துறையும் முன்னரே தெரிந்த பாடலில்தான் புலவனின் தனித்திறம் வெளிப்படுகிறது. பமேலா ரீஜிஸ் 2003இல் வெளியிட்ட 'எ நேச்சுரல் ஹிஸ்டரி ஆஃப் தி ரொமான்ஸ் நாவல்' என்னும் நூலில் காதல் புதினத்திற்கு இன்றியமையாத எட்டுக் கூறுகளை வகுத்துரைக்கிறார். சமூகப் பின்னணி, சந்திப்பு, தடை, ஈர்ப்பு, காதல் உரைத்தல், எல்லாம் இழந்தாற்போன்ற இடம், உணர்தல், மணவுறுதி என அவை அமையும். இவற்றைத் துறைகள் என்றே கொள்ளலாம். துறை அமைந்திருப்பதால் மட்டும் பாடல் சிறந்துவிடாது. அமையாததாலேயே தாழ்ந்தும் விடாது. எனவே இங்கு எழுப்பத்தக்க வினா, இவ்வெட்டனுள் 'தடை' என்னும் கூற்றில் நாவலாசிரியர் எதனை வைக்கிறார் என்பதே.

சோனாலி தேவின் 'பிரைட், பிரெஜுடிஸ் அண்ட் அதர் ஃபிளேவர்ஸ்' (2019), உஸ்மா ஜலாலுத்தீனின் 'ஹனா கான் கேரீஸ் ஆன்' (2021) ஆகிய இரண்டு புதினங்கள் இவ்வினாவிற்கு ஏற்ற களங்களாகின்றன. முன்னவர் இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்பவர். பின்னவர் கனடாவின் டொராண்டோ பகுதியைச் சார்ந்தவர். இருவருமே முன்னிருந்த கதையொன்றை எடுத்துத் தம் மக்களின் வாழ்வில் பொருத்தியுள்ளனர். இருவரும் பகையின் களமாக உணவுத்தொழிலைக் கொண்டுள்ளனர். ஆயினும் பகையின் தன்மை இரண்டிலும் வேறு வேறு.

பகையும் ஊடலும்

தமிழ் அகமரபில் காதலர்க்கிடையே பகைக்கு இடமில்லை. ஊடலுக்கே இடமுண்டு. ஊடல் என்பது காதல் முன்னரே உண்டு என்பதை ஒப்புக்கொண்ட பின் நிகழும் சினம். அதன் அளவை உணவில் இடும் உப்பின் அளவோடு ஒப்பிட்டுரைக்கிறார் வள்ளுவர் (1302). காதல் என்னும் உணவு முன்னரே சமைந்திருக்க, அதற்குச் சுவையூட்டுவதே ஊடலின் பணி. பகையோ புறத்திணைக்கு உரியது. நிலமும் நிரையும் குடிப்பெருமையும் அதன் காரணங்கள். மணவுறவும் பகையும் சந்திக்கும் துறை ஒன்று புறத்தில் உண்டு, அது மகட்பாற்காஞ்சி. பெண்கேட்டு வந்த வேந்தனுக்கு மறுத்த குடியின் ஊர் அழியப்போவதை எண்ணி இரங்கும் புறநானூற்றுப் பாடல்களில் அப்பெண்ணின் உள்ளம் பேசப்படுவதே இல்லை. பகை அங்கே ஆடவர்க்கிடையது.

இந்நோக்கில் 'பகைவர் காதலராதல்' என்னும் கதைப்பின்னல் புறப்பொருளாகத் தொடங்கி அகப்பொருளாக முடியும் ஒன்று. இதில்தான் அதன் இடர்ப்பாடும் உள்ளது. ஊடல் தணிவதற்குக் காரணம் வேண்டுவதில்லை. காலமும் நெருக்கமும் போதும். பகை தணிய வேண்டுமாயின் பகைக்குக் காரணமான தீங்கு நீக்கப்பட வேண்டும். பல காதல் புதினங்கள் தொடக்கத்தில் பகை என்று காட்டியதை நடுவில் வெறும் தவறான புரிதலாகச் சுருக்கி, இறுதியில் ஊடல் போலத் தீர்த்துவிடுகின்றன. உண்மை ஒன்று வெளிப்பட்டதும் எல்லாம் சரியாகிவிடுகிறது. அத்தகைய கதையில் பகை இருந்ததே இல்லை. பகையின் தோற்றம் மட்டுமே இருந்தது.

ஜேனிஸ் ராட்வே தம் 'ரீடிங் தி ரொமான்ஸ்' (1984) என்னும் ஆய்வில் இதன் மற்றொரு பக்கத்தைச் சுட்டினார். தலைவனின் கடுமையை மறைந்த அன்பின் அடையாளமாக மீள்வாசிப்புச் செய்யும்படி காதல் புதினம் பெண் வாசகரைப் பழக்குகிறது என்பது அவர் கண்ட முடிபுகளுள் ஒன்று. தீங்கினைத் தீங்கென்று காணாமல் அன்பின் மாற்றுருவாகக் காணும் இப்பயிற்சி இவ்வகைப் புதினத்தின் மீதான மிகக் கடுமையான குற்றச்சாட்டு. இன்றும் இது வலுவிழக்கவில்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இங்குப் பெரிதும் துணைசெய்கிறது. வெகுளி என்னும் மெய்ப்பாடு தோன்றும் நிலைக்களன்களாக உறுப்பறை, குடிகோள், அலை, கொலை ஆகிய நான்கினை அது கூறும். உறுப்பறை என்பது உறுப்பினைக் குறைத்தல். குடிகோள் என்பது சுற்றத்திற்கும் குடிக்கும் கேடு சூழ்தல். கொலை என்பதற்கு உயிர்க்கொலை என்று பொருள்கொள்ளாமல், ஒருவனுடைய அறிவையும் புகழையும் அழியுமாறு இகழ்ந்துரைத்தல் எனப் பேராசிரியர் உரை விளக்கம் தருகிறது. வெகுளிக்குக் காரணமாகத் தவறான புரிதல் இங்கே கூறப்படவில்லை என்பது நினைக்கத்தக்கது. நான்கும் உண்மையான தீங்குகளே. சோனாலி தேவின் புதினத்தில் வெகுளியின் நிலைக்களன் கொலை. உஸ்மா ஜலாலுத்தீனின் புதினத்தில் அது குடிகோள்.

அறுவை மருத்துவரும் சமையற்கலைஞரும்

சோனாலி தேவின் நாவல் ஆஸ்டின் கதையை ஆண்-பெண் இடமாற்றத்துடன் அமைக்கிறது. செருக்குடைய செல்வர் டார்சியின் இடத்தில் திரிஷா ராஜே என்னும் பெண். அவள் சான் பிரான்சிஸ்கோவில் பெரும்புகழ் பெற்ற நரம்பியல் அறுவை மருத்துவர். இந்திய அரச மரபில் வந்து கலிபோர்னியாவில் செல்வாக்குப் பெற்ற குடும்பத்தின் மகள். எலிசபெத்தின் இடத்தில் டி.ஜே. கெய்ன் என்னும் ஆண். அவன் வளர்ந்துவரும் சமையற்கலைஞன். லண்டனில் வறுமையில் வளர்ந்தவன். ஆப்பிரிக்க, ஆங்கிலோ-இந்திய மரபுகள் கலந்தவன். பாரிசில் பெற்றிருந்த நல்ல பணியைத் துறந்து, நோயுற்ற தங்கை எம்மாவுக்காக அமெரிக்கா வந்தவன். திரிஷாவின் தமையன் யாஷ் கலிபோர்னிய ஆளுநர் பதவிக்குப் போட்டியிட முனைகிறான். அதற்கான விருந்துகளைச் சமைத்தளிக்கும் ஒப்பந்தம் டி.ஜே.க்கு வேண்டியிருக்கிறது. எம்மாவின் மூளைக்கட்டியை அகற்றவல்ல ஒரே மருத்துவர் திரிஷாதான் என்பது பின்னர்த் தெரியவருகிறது.

இருவரும் முதலில் சந்திப்பது ராஜே குடும்பத்து விருந்தின்போது அடுக்களையில். அங்கே அவள் அவனைக் கூலிக்கு வந்த ஏவலாளாகக் கருதி நடத்துகிறாள். ஆஸ்டினில் நடன அரங்கில் டார்சி கூறும் இகழ்மொழி எலிசபெத்தின் அழகைப் பற்றியது. இங்கே இகழ்மொழி தொழிலைப் பற்றியது. இம்மாற்றம் சிறிதன்று. அழகைப் பழித்தவன் பின்னர்த் தன் கருத்தை மாற்றிக்கொண்டால் பழி நீங்கிவிடும். தொழிலைப் பழித்தவள் தன் கருத்தை மாற்றிக்கொண்டாலும் தொழிலின் படிநிலை அப்படியே இருக்கும். மறுநாளும் அவன் அவ்வீட்டின் கூலியைப் பெற்றே ஆக வேண்டும்.

'ஷெஃப்' என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குத் தலைவன் என்பதே பொருள். எஸ்கோஃபியே (1846-1935) படையணியை ஒத்த ஒழுங்கில் உணவகச் சமையற்கூடத்தை வகுத்த பின், அச்சொல் உறுதியான ஓர் அதிகாரத்தைக் குறிக்கலாயிற்று. ஆனால் அத்தலைமை தன் அடுக்களைக்குள் மட்டுமே செல்லும். பிறர் இல்லத்தில் விருந்து சமைக்கப் புகும் கலைஞன் தன் படையை வாயிலிலேயே விட்டுவிட்டு வருகிறான். அடுப்பும் அலமாரியும் பிறருடையவை; பரிமாறும் நேரமும் பிறர் விருப்பப்படி. டி.ஜே.க்குச் சொந்த உணவகம் இல்லை என்பதை நாவலாசிரியர் கருதியே அமைத்துள்ளார் எனலாம். உணவகத்தில் விருந்தினர் கலைஞனின் இடத்திற்கு வருகின்றனர். இங்கே கலைஞன் விருந்தினரின் இடத்திற்குச் செல்கிறான். சமையலை மையமாகக் கொண்ட காதற்கதைகள் பலவற்றில் காணப்படாத நுட்பம் இது.

கைகளைப் பற்றிய இணைப்பும் நாவலில் நன்கமைந்துள்ளது. சர்க்கரைப் பாகினை ஏறக்குறைய 150 பாகை செல்சியசு வரை காய்ச்சி, அது இறுகுமுன் மெல்லிழைகளாக நூற்று இனிப்பின்மேல் கூடுபோல் அமைப்பது டி.ஜே.யின் கைத்திறங்களுள் ஒன்று. நொடிகள் தவறினால் பாகு கல்லாகும். ஈரக்காற்றுப் பட்டால் இழை துவண்டுவிடும். மூளைத்திசுவில் நுண்கருவி கொண்டு பணிபுரியும் திரிஷாவின் கைத்திறமும் இத்தகையதே. இருவரும் கையால் வாழ்பவர். நடுங்காத கையே இருவர்க்கும் முதல். ஆயினும் உலகம் ஒரு கைக்கு வணக்கமும் மற்றொரு கைக்குக் கூலியும் தருகிறது. இவ்வொப்புமை விளக்கவுரை இன்றியே வாசகர்க்குப் புலனாகுமாறு சூழல்கள் அமைந்துள்ளன.

திரிஷா உண்பவள், டி.ஜே. ஊட்டுபவன். அவளது செருக்கு முதலில் தோற்பது நாவிடம்தான். அவன் சமைத்ததைச் சுவைக்கும்போது அவள் தன்னை மறக்கிறாள். அறிவு ஏற்காத ஒருவனை உடல் ஏற்றுக்கொள்கிறது. தமிழ் வாசகர்க்கு இங்குக் குறுந்தொகையின் 167ஆம் பாடல் நினைவுக்கு வராமல் இராது. தலைவி சமைத்த புளிப்பாகனைத் தலைவன் இனிதென்று உண்ண, அவள் முகம் நுண்ணிதாக மகிழ்ந்ததைச் செவிலி கண்டுவந்து உரைப்பதாகக் கூடலூர் கிழார் பாடியது அது. அங்கே உண்ணலும் மகிழ்தலும் மணத்திற்குப் பின், சமைப்பவள் பெண். இங்கே இவை யாவும் தலைகீழாகின்றன. சமைப்பவன் ஆண், உண்பவள் மகிழ்கிறாள், காதல் இன்னும் பிறக்கவில்லை. ஆயினும் ஒன்று மாறவில்லை. சமைத்தவரின் உள்ளம் உண்பவரின் முகத்தை நோக்கியே நிற்கிறது. அந்நோக்கத்தில் உள்ள சார்புநிலையைப் பால்மாற்றம் நீக்கிவிடவில்லை. பெண்ணிடமிருந்து ஆணிடம் மாற்றியது மட்டுமே. பால்மாற்றம் ஒன்றையே புரட்சி எனப் போற்றும் மதிப்புரைகள் இதனைக் கருத்திற்கொள்ளுதல் நன்று.

நாவலின் வலுவான பகுதி எம்மாவைச் சூழ்ந்தது. அவள் ஓவியர். அறுவை மருத்துவம் உயிரைக் காக்கும். ஆனால் பார்வையைப் பறிக்கும். கண்ணிழந்து வாழ்வதைவிட இறப்பதே மேல் என்று அவள் மருத்துவத்தை மறுக்கிறாள். உறுப்பறை என்னும் நிலைக்களன் இங்கே தீமையாக அன்றி மருந்தாக வந்து நிற்கிறது. அண்ணனுக்குத் தங்கை உயிருடன் இருத்தல் வேண்டும். மருத்துவருக்குத் தன் திறம் பயன்படுதல் வேண்டும். எம்மாவுக்கோ தான் தானாகவே இருத்தல் வேண்டும். மூவர் வேண்டுவனவும் நேர்மையானவை; மூன்றும் ஒன்றுபடவில்லை. காதற்கதையின் ஒளியில் எம்மா வெறும் துணைமாந்தராகத் தேய்ந்துவிடாமல் காத்திருப்பது ஆசிரியரின் திறம்.

எம்மாவை முன்னிட்டு ஆஸ்டின் கதையின் ஒரு நுட்பம் மாறிவிடுகிறது. டார்சி எலிசபெத்தின் தங்கை லிடியாவுக்காக விக்கமிடம் பணம் கொடுத்துச் செய்யும் உதவி மறைவானது. அதனை எலிசபெத் அறியக்கூடாது என்பது அவன் விருப்பம். நன்றியுணர்வு காதலாகத் தோன்றிவிடக்கூடாது என்னும் அச்சம் அதில் உண்டு. அவ்வுதவி நிகழ்வதும் எலிசபெத் அவனை மறுத்த பின்னரே. சோனாலி தேவின் கதையில் உதவி மறைவாக இருக்க இயலாது. அறுவை மருத்துவர் யார் என்பதை நோயாளியின் அண்ணன் அறிவான். தங்கையின் உயிர் எவள் கையில் உள்ளதோ அவள் தன் காதலை உரைக்கிறாள். அதையும் அவனது தாழ்ந்த பின்புலத்தைச் சுட்டியே உரைக்கிறாள். அவன் மறுக்கிறான். ஆஸ்டினில் எலிசபெத் மறுக்கும்போது இழக்கக்கூடியது செல்வமும் மனையும். டி.ஜே. மறுக்கும்போது அவன் துணிவது அதனினும் பெரிது. மறுப்புக் காட்சி மூலத்தைவிட இங்கே கூர்மை பெறுவதற்குக் காரணம் இதுவே. மருத்துவ அறத்தின்மீது, அதாவது மறுக்கப்பட்ட பின்னும் அவள் தன் கடமையைச் செய்வாள் என்பதன்மீது, அவன் வைக்கும் நம்பிக்கை சொல்லாமலே சொல்லப்படுகிறது. அவளைக் கடிந்துரைக்கும் அதே வேளையில் அவளது தொழிலறத்தை அவன் ஐயுறவில்லை.

இனி நாவலின் குறை. ஏவலாள் என்று இகழ்ந்தது ஏன் தவறு? நாவல் தரும் விடை இரண்டுபட்டு நிற்கிறது. மனிதரைக் கூலியின் அளவுகொண்டு மதிப்பது தவறு என்பது ஒரு விடை. அவன் ஏவலாளல்லன், பாரிசில் பயின்ற பெருங்கலைஞன், ஆதலால் அவனை அவ்வாறு கருதியது தவறு என்பது மற்றொரு விடை. கதை முன்னதைச் சொல்ல விரும்பிப் பின்னதையே பெரிதும் காட்டுகிறது. உண்மையாகவே ஏவலாளாக இருப்பவர், விருந்து முடிந்தபின் கலம் கழுவுபவர், காய் நறுக்குபவர், தட்டேந்திப் பரிமாறுபவர், இந்நாவலில் முகம் பெறவில்லை. அவர்களுள் ஒருவனை அறுவை மருத்துவர் இகழ்ந்திருந்தால் கதையே தோன்றியிராது. ஆஸ்டினுக்கும் இக்குறை உண்டு எனலாம். லாங்போர்ன் வீட்டுப் பணியாளர் அங்கே பெயரளவில் மட்டுமே உள்ளனர். ஆனால் ஆஸ்டின் தம் கதையை அடுக்களையில் தொடங்கவில்லை. அடுக்களைக்குள் நுழைந்து, தொழில் இகழ்ச்சியையே பகையின் வித்தாக ஊன்றிய நூல், அவ்வித்திலிருந்து முளைத்த வினாவைத் தானே எதிர்கொண்டிருத்தல் வேண்டும்.

இவ்வாறு கூறுவதால் நூலின் தகுதி முற்றும் குறைந்துவிடாது. திரிஷாவின் மாற்றம் ஒரு செய்தி தெரியவந்ததால் நிகழ்வதன்று. தான் செய்தது தீங்கு என்று அவளே உணர்வதால் நிகழ்வது. விக்கமின் இடத்தில் வரும் ஜூலியா விக்கமின் வஞ்சகம் வெளிப்படுவது கதையின் முடிச்சுகளுள் ஒன்றே. அது வெளிப்பட்டதால் மட்டும் காதல் கைகூடவில்லை. ராட்வே சுட்டிய மீள்வாசிப்புப் பயிற்சிக்கு இந்நூல் இடம் தராதது இதனால்தான். செருக்குக்கு அன்பு என்று மாற்றுப்பெயர் இடாமல் செருக்கு என்றே பெயரிடுகிறது.

எதிரெதிர்க் கடைகள்

உஸ்மா ஜலாலுத்தீனின் நாவல் நெடிய பரம்பரை உடையது. அதன் நேர்மூலம் நோரா எஃப்ரான் இயக்கிய 'யூ ஹேவ் காட் மெயில்' (1998) திரைப்படம். அதற்கு மூலம் எர்ன்ஸ்ட் லுபிட்சின் 'தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்' (1940). அதற்கும் முற்பட்டது ஹங்கேரிய நாடகாசிரியர் மிக்லோஷ் லாஸ்லோ 1937இல் படைத்த 'பர்ஃப்யூமரி' என்னும் நாடகம். இடையே 'இன் தி குட் ஓல்ட் சம்மர்டைம்' (1949) படமும் 'ஷி லவ்ஸ் மீ' (1963) இசை நாடகமும் உண்டு. நேரில் வெறுத்துக்கொள்ளும் இருவர் முகமறியாக் கடிதங்களில் காதலிக்கின்றனர் என்பதே யாவற்றின் உயிர்நாடி.

இப்பரம்பரையில் ஒரு மாற்றம் கவனிக்கத்தக்கது. 1937 முதல் 1963 வரையுள்ள வடிவங்களில் இருவரும் ஒரே கடையின் ஊழியர். அவர்களது பகை ஒரே கூரையின்கீழ் நாள்தோறும் உரசிக்கொள்ளும் இருவரின் பகை, ஊடலுக்கு நெருங்கியது. 1998இல்தான் அவர்கள் எதிரெதிர்க் கடைகளின் உரிமையாளர் ஆகின்றனர்; ஒருவரது வாழ்வு மற்றவரது வீழ்ச்சியாகிறது. ஊடலாக இருந்தது அங்கே குடிகோளாக மாறிற்று. அத்திரைப்படத்தில் நாயகியின் தாய்வழிச் சிறு புத்தகக்கடை மூடப்பட்டுவிடுகிறது. மூடச்செய்தவனையே அவள் இறுதியில் காதலனாக ஏற்கிறாள். யார் என்பதை அவன் முன்னரே அறிந்திருந்தும் அவளுக்கு அறிவிப்பதில்லை. இசையும் பூங்காவும் முடிவை இனிதாக்கினாலும் தீங்கு ஈடுசெய்யப்படவில்லை என்னும் உறுத்தல் பார்வையாளர் பலரிடம் எஞ்சுகிறது.

உஸ்மா ஜலாலுத்தீன் இவ்வுறுத்தலைத் தெரிந்தே கையேற்றுள்ளார். டொராண்டோவின் 'கோல்டன் கிரசென்ட்' என்னும் புனைவுக் குடியிருப்பில் ஹனாவின் தாய் நடத்தும் 'த்ரீ சிஸ்டர்ஸ் பிரியாணி பூட்டீன்' அப்பகுதியின் ஒரே ஹலால் உணவகம், வணிகம் நலிந்துள்ளது. வறுத்த உருளைக்கிழங்கின்மேல் பாற்கட்டியும் குழம்பும் இட்டு உண்ணும் கியூபெக் உணவாகிய பூட்டீனுடன் பிரியாணியைச் சேர்த்த பெயரே அக்குடும்பத்தின் வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. அங்கே அய்தின் என்னும் இளைஞன் மேல்தட்டு ஹலால் உணவகம் ஒன்றைத் திறக்க வருகிறான். போட்டியாளன் வேற்றினத்தான் அல்லன். ஒரே சமயத்தைச் சார்ந்தவன். ஒரே நெறிப்படி அமைந்த உணவை எளியோர்க்கான கடையும் செல்வர்க்கான கடையும் விற்கின்றன. புலம்பெயர் இலக்கியத்தில் 'சமூகம்' என ஒருமையில் வழங்கும் சொல்லுக்குள் வர்க்கம் மறைந்துகிடப்பதை இவ்வமைப்பு எளிதாக வெளிக்கொணர்கிறது. ஹனாவும் தூயவளாகக் காட்டப்படவில்லை. எதிர்க்கடையின் பெயரைக் கெடுக்கும் பேச்சையும் அவள் ஆயுதமாக்குகிறாள். நல்லவள் செய்யும் சிறுமையை ஆசிரியர் மறைக்காதது நாவலுக்கு நம்பகத்தன்மை தருகிறது.

ஆனால் சமையல் தொழில் என்ற அளவில் இந்நாவல் சோனாலி தேவின் நூலளவு ஆழம் உடையதன்று. ஹனாவின் விருப்பம் வானொலியில். உணவகத்தில் அவள் பகுதிநேரப் பரிமாறுநர். அடுப்பின் வெப்பம் அவள் மூலம் வாசகரை அடைவதில்லை.

கதை நடுவில் அக்குடியிருப்பின்மீது இனவெறுப்புத் தாக்குதல் நிகழ்கிறது. புறப்பகை வந்ததும் உட்பகை ஒடுங்குகிறது. தாக்குதல் சார்ந்த பகுதிகளில் அச்சமும் அவமானமும் மிகையின்றிச் சொல்லப்பட்டுள்ளன. வட அமெரிக்காவில் முஸ்லிம்கள் எதிர்கொள்ளும் சூழலைக் காதற்கதையின் வாசகர் வட்டத்திற்குள் கொண்டுசென்றது பாராட்டத்தக்கது. எனினும் கதைப்பின்னலின் நோக்கில் இதற்கு ஒரு விலை உண்டு. ஒரே தெருவில் இரு கடைகள் பிழைக்க இயலுமா, பெருமுதல் வந்தபின் சிறுகடைக்கு நியாயம் எது என்னும் வினா, பொதுப்பகைவன் தோன்றியதும் பின்தள்ளப்படுகிறது. வேற்றுவேந்தன் படையெடுத்தபோது உள்நாட்டு வழக்குகள் ஒத்திவைக்கப்படுவது போன்றதே இது. ஒத்திவைத்தல் தீர்ப்பாகாது.

இந்நாவலின் சிறந்த கண்டுபிடிப்பு வேறிடத்தில் உள்ளது. ஹனா தன் பெயரை மறைத்து இணையவழி ஒலிபரப்பு ஒன்றை நடத்துகிறாள். 'ஸ்டான்லி பி' என்னும் புனைபெயருடைய நேயர் ஒருவரோடு அவளுக்கு நட்பு வளர்கிறது. பகை நிகழும் உலகில் ஒவ்வொருவருக்கும் பெயரும் கடையும் குடும்பமும் உண்டு. அன்பு நிகழும் உலகில் பெயரில்லை. அகத்திணைப் பாடலில் தலைமக்களின் இயற்பெயர் சுட்டப்படலாகாது. சுட்டினால் அது புறமாகிவிடும் என்பது தொல்காப்பிய நெறி. டொராண்டோ நாவலாசிரியர் அந்நெறியை அறிந்திருக்க வாய்ப்பில்லை. தாக்கம் என்று இங்குக் கூறுவதற்கும் இல்லை. ஆயினும் பெயர் வெளிப்படும் கணத்தில் அன்பினுள் கடையும் கணக்கும் குடிப்பகையும் புகுந்துவிடுகின்றன என்னும் கதையமைப்பு, அந்நெறி ஏன் தோன்றியிருக்கலாம் என்பதற்கு ஓர் உரைவிளக்கம் போலவே அமைகிறது.

மூலத் திரைப்படத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் மின்னஞ்சல் எழுதுவர். இருவர் கூற்றும் ஒத்த நிலையின. நாவலில் ஹனா பேசுகிறாள். அவன் முதலில் கேட்கிறான். வாடிக்கையாளரையும் வருவாயையும் பறிக்க வந்தவன், அதற்கு முன்பே பெயரறியாத ஒரு பெண்ணின் குரலுக்குக் கேட்போனாக இருந்திருக்கிறான். செய்யுளியல் கூற்றினையும் கேட்போரையும் தனித்தனி உறுப்புகளாக வைத்தெண்ணியது போல, இந்நாவலும் கேட்டலைக் காதலின் தனியுறுப்பாகக் கொள்கிறது. கடைத்தெருவில் அவளை எதிர்த்து நின்ற நாள்களில் அவன் அவள் சொல்லுக்குச் செவிகொடுக்கவில்லை, ஒலிபரப்பில் செவிகொடுத்தான். இரண்டும் ஒரே குரல்.